புலிக்கு ஷூ பார்த்துக் கொடுத்த பன்றி

ஒரு காட்டில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. வேறு யாரோ எவரோ இல்லை, நான்தான். பேர் பேச்சிமுத்து. கதை சொல்கிறவர்கள் வழக்கமாகத் தங்களை மரத்துமேல் உட்காரவைத்துக்கொண்டு, கீழே நடக்கிற கோமாளித்தனத்தைச் சொல்வார்கள். எனக்கு மரம் ஏற வராது. அதனால் இந்தக் கதையில் கோமாளி யார் என்று நீங்கள் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

எங்கள் காட்டில் ஒரு புலி உண்டு. மாசானம் ஐயா என்றுதான் சொல்வோம். ஐயாவை விட்டுவிட்டுப் பேரை மட்டும் சொன்னவர்கள் இப்போது இல்லை. முன்னெல்லாம் அவருக்கு வீட்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அதில் ஏகப்பட்ட சிபாரிசு. ஆள் பலம் உள்ளவன் முறை தள்ளிப்போகும், கேட்க நாதியில்லாதவன் முறை முந்தி வரும். தினமும் சண்டை. கடைசியில் தெய்வநாயகம் சார்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் மிளா மான், விழாக் குழுத் தலைவர். கொம்பும் கண்ணியமுமாக இருப்பார். தும்மல் வந்தால்கூடத் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் தும்முவார்.

அவர் போட்ட தீர்மானம் இதுதான். வருஷத்தில் ஒருநாள் எல்லோரும் நெடுந்தூரம் ஓட வேண்டும். உப்புமேட்டில் கிளம்பி, மலையை ஒரு சுற்று சுற்றி, மேட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் கட்டியிருக்கும் கொடியைத் தாண்ட வேண்டும். எல்லோருக்கும் பின்னால் மாசானம் ஐயா வருவார். யார் கடைசியோ அவர் ஐயாவுக்கு. மற்ற நாட்களில் ஐயா பக்கத்து மலைக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்வார். பக்கத்து மலைக்காரர்களிடம் இதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் எங்கள் எல்லைக்குள் வந்து முறையிட்டதில்லை.

குழுவின் அறிவிப்பில் ஐயாவுக்குப் 'பின்வரிசைப் பொறுப்பாளர்' என்று பதவி. அவர் கடைசி ஆளை 'உடன் அழைத்துச் செல்வார்'. அப்படி அழைத்துச் செல்லப்பட்டவர் குடும்பத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. தேக்கிலையில் அழகாக எழுதித் தருவார்கள். ஓடி முடித்தவர்களுக்கு நெல்லிக்காய் மாலை. ஆக மொத்தம் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும்.

போன வருஷம் நான் கடைசிக்கு முந்தி. எனக்குப் பின்னால் காட்டெருமைப் பெரியவர் சங்கரபாண்டி மட்டும்தான். ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நீ முன்னால போப்பா, நான் மெதுவா வாறேன் என்றார். நானும் போய்விட்டேன். மறுநாள் அவர் வீட்டுக்குத் தேக்கிலை வந்தது.

அன்றிலிருந்து காட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தார்கள். வழியில் கண்டால் மான்கள் ஒதுங்கி நின்று நலம் விசாரித்தன. என் குட்டிகளைத் தட்டிக்கொடுத்து, அம்மாவுக்கு ஒத்தாசையா இருங்க என்று சொன்னார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் கடைசி ஆள் நான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.  தூக்கத்தில் நான் கால் உதைப்பதாகப் பொன்னுத்தாய் சொன்னாள்.

பொன்னுத்தாய் என் வீட்டுக்காரி. அவளுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லித்தான் பழக்கம். கிழங்கைக் குறையுங்க, விடிஞ்சதும் எழுந்து ஓடுங்க என்றாள். நான் சிரித்தேன். எதையும் முறையாகச் செய்ய வேண்டும், முதலில் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்ற ஷூ எது என்று பார்க்க வேண்டும், ஷூ சரியாக அமைந்துவிட்டால் ஓட்டம் தானாக வரும் என்று விளக்கினேன். அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சேற்றுக்குப் போய்விட்டாள்.

எனக்கு இந்த ஷூ ஞானம் எங்கிருந்து வந்தது என்றால், செல்போனிலிருந்து. மலைப்பாதை ஷூக்களைப் பற்றியே வீடியோ போடுகிற ஒரு சிங்கவால் குரங்கு உண்டு. அவர் பேச்சைக் கேட்டால் ஷூ வாங்காமல் இருக்க முடியாது. அடியில் குஷன் எத்தனை விரல் தடிமன், குதிகால் பக்கம் எவ்வளவு உயரம், முன்பக்கம் விரல் விரிய இடம் இருக்கிறதா, பல்லுப்பல்லாக இருக்கிற சோல் ஈரத்தில் எப்படிப் பிடிக்கும் என்று புட்டுப்புட்டு வைப்பார். பிறந்ததிலிருந்து மரத்தைவிட்டுக் கீழே இறங்காதவர் அவர். அந்தச் சமயத்தில் இது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. தரையில் நடக்கிறவர்களுக்கு இவ்வளவு தெரிவதில்லையே என்றுதான் ஆச்சரியப்பட்டேன்.

உப்புமேட்டுக்குப் பின்னால் பாறை இடுக்கில் வைகுண்டம் அண்ணாச்சியின் ஷூக்கடை. அண்ணாச்சி முள்ளம்பன்றி, முள் இருப்பதால் ஓட்டத்திலிருந்து அவருக்கு விலக்கு. எடுத்துக் காட்டுகிற ஷூவில் எப்போதும் ஒன்றிரண்டு முள் குத்தியிருக்கும், அதை அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு, காத்தோட்டத்துக்கு நல்லது என்பார். பொறுமைசாலி. அவர் பொறுமைக்கு நான் வைத்த சோதனையை எந்தச் சாமியும் எந்தப் பக்தனுக்கும் வைத்திருக்காது.

தினமும் காலையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அண்ணாச்சி பலாக்கொட்டை வறுத்து வைத்திருப்பார். அதைக் கொறித்துக்கொண்டே ஒவ்வொரு ஷூவாக மாட்டிப் பார்ப்பேன். எனக்கு இருப்பது குளம்பு. விரலே இல்லாதவன் முன்பக்கம் விரல் விரிய இடம் இருக்கிறதா என்று கேட்டால் யாராக இருந்தாலும் சிரிப்பு வரும். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தாராளமா விரியும் என்று சொன்னார். அவர் வியாபாரி, நான் ஞானி, இரண்டு பேருக்கும் நன்றாகப் பொழுது போனது.

பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். ஒன்றின் பேர் மேகம். அடியில் குஷன் அப்படியே பொதுபொதுவென்று இருக்கும். ஏறி நின்றால் ஈரமான கரையான் புற்றில் நிற்கிற சுகம். நெடுந்தூரத்துக்கு இதைவிட்டால் வேறில்லை என்று குரங்கு அடித்துச் சொல்லியிருந்தது. இன்னொன்றின் பேர் உடும்பு. குஷன் மெல்லிசு, ஆனால் பாறையைக் கவ்விப் பிடிக்கும். மேகத்தைப் போட்டால் உடும்பு நல்லது என்று தோன்றும். உடும்பைப் போட்டால் மேகம் கூப்பிடும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உபாயம் கண்டுபிடித்தேன். முன்னங்கால் ஒன்றில் மேகம், மற்றதில் உடும்பு. பின்னங்காலில் அதையே மாற்றி. இப்படி மாட்டிக்கொண்டு கடைக்கு முன்னால் நடந்தேன். உயரம் வேறு வேறாக இருந்ததால் நேராகப் போக வரவில்லை, கடையைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தேன். வழியில் போன முயல் ஒருத்தி, இவருக்கு ஏதோ வேண்டுதல் போல என்று தன் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் பொருட்படுத்தவில்லை. ஆராய்ச்சி நடக்கிறபோது நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள்.

இப்படியே நாள் போனது. இதற்குள் ஒருநாளாவது ஓடினேனா என்றால், இல்லை. எந்த ஷூ என்றே முடிவாகவில்லை, அதற்குள் எப்படி ஓடுவது? பலாக்கொட்டையில் என் வயிறு தரையைத் தொட்டது. ஷூவைக் குனிந்து பார்த்தால் ஷூ தெரியவில்லை, வயிறுதான் தெரிந்தது. குஷன் நன்றாக அமுங்குகிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

ஓட்ட நாள் வந்துவிட்டது. விடியற்காலையில் பொன்னுத்தாய் குட்டிகளோடு உப்புமேட்டுக்குக் கிளம்பினாள். குட்டிகள் ஓட வேண்டியதில்லை, அவை ஓடைக்கரையில் இருக்கும். என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அண்ணாச்சி கடையில் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்து, கடைசி முடிவெடுத்து, மாட்டிக்கொண்டு நேராக வரிசையில் வந்து நிற்கிறேன் என்றேன். அவள் குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு நடந்தாள்.

கடையில் மேகத்தையும் உடும்பையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு காலிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். மேட்டின் அந்தப் பக்கம் மயில் அகவியது. கிளம்புங்கள் என்று அதற்கு அர்த்தம். தபதபவென்று ஒரு காடே ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இதோ ஆச்சு, இந்த லேஸை மட்டும் இறுக்கிக்கிடுதேன் என்றேன். சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அப்போது கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். மாசானம் ஐயா நின்றுகொண்டிருந்தார்.

  அண்ணாச்சி முள்ளை விரித்துக்கொண்டு ஓர் ஓரமாக ஒண்டினார். அவருக்கு முள் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? நாலு காலிலும் நாலு விதமாக ஷூ இருக்கிறது. ஓடினால் சுற்றிச் சுற்றி அவர் வாய்க்கே வந்து சேர்வேன்.

"என்னவே, நீரு ஓடலையா?" என்று கேட்டார்.

ஷூ பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா, முடிவானதும் ஓடிவிடுவேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, மெதுவாக, வலது முன்னங்காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

வெளியே சொல்லக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கினார். பிறகு சொன்னார். கொஞ்ச காலமாகவே குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது முள் குத்துகிற மாதிரி இருக்கிறதாம். நடக்க நடக்கச் சரியாகிவிடும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பக்கத்து மலையில் இப்போதெல்லாம் தவளையும் நண்டும்தான் அவருக்குச் சாப்பாடு. இந்த நெடுந்தூரத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது, வலிக்காத மாதிரி மெத்தையாக ஏதாவது ஷூ கிடைக்குமா என்று கேட்கத்தான், எல்லோரும் போகிறவரைக்கும் காத்திருந்து வந்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு கெட்டிக்கார மிருகம் என்ன செய்திருக்கும் என்று எனக்கும் தெரியும். ஏதாவது தந்திரம் யோசித்திருக்கும். சின்ன ஷூவைக் கொடுத்து மாட்டிவிட்டிருக்கும். குறைந்தபட்சம் பின்பக்கமாக நழுவியாவது போயிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? குதிகால் வலி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. இத்தனை நாள் நான் சேர்த்து வைத்த அறிவை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. பொன்னுத்தாய் கேட்டதில்லை, குட்டிகள் கேட்டதில்லை, அண்ணாச்சியே பாதியில் கொட்டாவி விடுவார். முதல் தடவையாக ஒரு ஜீவன் என் எதிரே உட்கார்ந்து, சொல்லும்வே என்கிறது. அது புலியாக இருந்தால் என்ன?

வலி எந்த இடம் என்று விசாரித்தேன். கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்க்க நடந்து காட்டச் சொன்னேன். ஐயா கடைக்குள் நாலு அடி நடந்தார், திரும்பினார், வந்தார். நான் தலையை ஆட்டினேன். உங்களுக்கு உடும்பு ஆகாது ஐயா, குஷன் போதாது, குதிகாலுக்கு அடி நேராக இறங்கும், மேகம்தான் உங்களுக்கு என்றேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பெரிய சைஸாக நாலு எடுக்கச் சொன்னேன்.

சும்மா ஒரு தடவை மாட்டிவிட்டு முடித்திருக்கலாம். எனக்கு அது சரிப்படாது. நகம் குஷனைக் குத்தும் என்று உள்ளே மடக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் கால் ஒரு அளவு இருக்கும், ஓட ஓட வீங்கும், அதனால் கொஞ்சம் தளர்வாக வேண்டும் என்று ஒரு சைஸ் மாற்றினேன். லேஸ் கட்டுவதில் மட்டும் மூன்று முறை உண்டு. மூன்றையும் கட்டிக் காட்டினேன். ஐயாவும் சளைத்தவர் இல்லை. அந்தக் கறுப்பு எப்படி இருக்கும், இந்த நீலத்தில் சேறு தெரியுமா, பின்னங்காலுக்கும் இதே வேணுமா என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பலாக்கொட்டையைப் பங்கு போட்டுக்கொண்டோம். வெயில் உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் சாயவும் ஆரம்பித்துவிட்டது. அவர் புலி என்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் பன்றி என்பது அவருக்கும் மறந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இதற்குள் ஓடைக்கரையில் எல்லோரும் ஓடி முடித்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கொடியைத் தாண்டி வந்து, பின்னால் உறுமலே கேட்கவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். தெய்வநாயகம் சார் தலை எண்ணியிருக்கிறார். ஒரு தலை குறைந்தது. யார் என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம்தானே? என் பேர் எழுதிய தேக்கிலை ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் இல்லாத குறையே தெரியாத அளவுக்கு என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசி, இலையைப் பொன்னுத்தாயிடம் கொடுத்தார்கள்.

பொன்னுத்தாய் அழவில்லையாம். இலையை வாயில் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று மேட்டுக்கு ஏறியிருக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம், அவர் ஓடினாத்தானே புலி பிடிக்கும் என்று சொன்னாளாம். கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது.

அவள் கடை வாசலுக்கு வந்தபோது நான் மாசானம் ஐயாவின் காலை மடியில் வைத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். தேக்கிலை கீழே விழுந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு காடே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கூட்டத்தைப் பார்த்ததும்தான் ஐயாவுக்கு நேரம் உறைத்தது. வெயிலைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு, வருத்தத்தோடுதான் சொல்கிறேன், என்னைப் பார்த்தார்.

தெய்வநாயகம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். சூரியன் இன்னும் மறையவில்லை, ஆகையால் ஓட்டம் இன்னும் முடியவில்லை, மலையைச் சுற்றினாரா என்பது கேள்வியில்லை, கொடியைத் தாண்டாதவர் ஒருவர்தான் இருக்கிறார், தீர்மானத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அப்போதுதான் ஆச்சரியப்பட்டவர், அதற்குள் அதற்கு ஒரு முடிவும் சொல்லிவிட்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஐயா எழுந்து நின்றார். நாலு காலிலும் மேகம். இரண்டு தடவை குதித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பேச்சிமுத்து, தப்பா நெனைக்காதீரும்" என்றார். "நீரு முன்னால ஓடும். எனக்கும் ஷூவை ஓடிப் பாத்த மாதிரி ஆச்சு."

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். ஒரு மேகம், ஒரு உடும்பு, ஒரு உடும்பு, ஒரு மேகம். எதைக் கழற்றி எதை மாட்டுவது? ஓடைக்கு இறங்குகிற சரிவு முழுக்கப் பாறை, அதற்கு உடும்பு தேவலை. ஆனால் முழங்காலுக்கு... என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் யோசித்தேன்.

பொன்னுத்தாய் பாய்ந்து வந்தாள். கோரைப்பல்லால் லேஸை அறுத்து நாலையும் உருவி எறிந்தாள். "உசிரோட இருந்தா நாளைக்கு யோசியும்" என்று என் பின்பக்கத்தில் ஒரு முட்டு முட்டினாள். நான் உருண்டேன். உருண்டதை ஓட்டமாக மாற்றிக்கொண்டேன்.

சரிவில் இறங்கினேன். வெறும் குளம்பு பாறையில் டக்டக்கென்று பட்டது. எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று குளம்புக்கே தெரிந்திருந்தது, என்னைக் கேட்கவில்லை. பயத்தில் எனக்கு வயிறு இருப்பதே மறந்துவிட்டது. பின்னால் காதைக் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பெரிய பயம். புலி எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்றே தெரியவில்லை. என்ன அருமையான குஷன், துளிச் சத்தம் இல்லையே என்று அப்போதும் உள்ளுக்குள் பாராட்டினேன். கழுத்துக்குப் பின்னால் மூச்சு சுட்டது. முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னால் தொப்பென்று விழுகிற சத்தமும், "எம்மா" என்ற குரலும் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். ஐயா இரண்டு பாறைக்கு நடுவில் கிடந்தார். அந்த மெத்தை மெத்தையான உயரத்தில் எந்தக் கல் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காலுக்குத் தெரியவே இல்லை. கால் மடங்கிவிட்டது. நான் நின்றுவிட்டேன். வலி குதிகாலா, கணுக்காலா என்று கேட்க வாயெடுத்தேன். மேலேயிருந்து பொன்னுத்தாய் போட்ட சத்தத்தில் மறுபடியும் ஓடினேன். கொடியைத் தாண்டி ஓடைத் தண்ணீரில் போய் விழுந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாசானம் ஐயா மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து கொடியைத் தாண்டினார். அதற்குள் சுற்றுவழியாகக் கூட்டமும் இறங்கி வந்திருந்தது, ஐயாவுக்குப் பின்னால் கொடியைத் தாண்ட வேண்டியவர் யாரும் இல்லை. எல்லோரும் தெய்வநாயகம் சாரைப் பார்த்தார்கள். தீர்மானத்தின்படி கடைசியாக வருகிறவர் மாசானம் ஐயாவுக்கு. கடைசியாக வந்தவர் மாசானம் ஐயா. சார் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஐயாவை ஐயாவுக்கே உரிமையாக்கி, ஓட்டம் இனிதே முடிந்தது என்று அறிவித்தார்.

பிறகு கேட்க வேண்டுமா? ஒரு தலைகூட விழாத முதல் வருஷம். குட்டிகள் என் மேல் ஏறி விழுந்தன. பொன்னுத்தாய் தண்ணீருக்குள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். உயிர் பிழைப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஷூ ஞாபகமே இல்லாமல் நினைத்தேன்.

கூட்டம் எனக்கு நெல்லிக்காய் மாலையை அடுக்கடுக்காகப் போட்டது. என்ன மூளை, என்ன மூளை என்றார்கள். வேண்டுமென்றே பாறைக்கு ஆகாத ஷூவைத் தேர்ந்தெடுத்து, பொழுது சாய்கிறவரைக்கும் பேச்சிலேயே புலியைக் கட்டிப்போட்டு, எல்லோரையும் காப்பாற்றிவிட்டானே, இத்தனை நாள் முட்டாள் வேஷம் போட்டு நம்மையே ஏமாற்றியிருக்கிறானே என்று ஆளுக்கு ஆள் மெய்சிலிர்த்தார்கள். தெய்வநாயகம் சார் எனக்கு ஒரு பட்டம் கொடுக்கத் தீர்மானம் எழுத ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கியிருக்கலாம்.

மாசானம் ஐயா கரையில் வீங்கிய காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபத்தைவிட அந்தப் பார்வையில் வருத்தம்தான் இருந்தது.

"தெரிஞ்சேதான் சொன்னீரா வே?" என்று கேட்டார்.

 ஆமாம் என்றால் நான் இந்தக் காட்டின் தலைசிறந்த அறிவாளி. ஒரு வார்த்தைதான். ஆனால் எனக்கு வரவில்லை. குரங்கு சொன்ன அத்தனையையும், நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட அத்தனையையும், ஒளிவுமறைவில்லாமல் இவரிடம் கொட்டியிருக்கிறேன். அதைப் போய்ச் சூழ்ச்சி என்று எப்படிச் சொல்வது?

"இல்ல ஐயா" என்றேன். "அதுதான் நல்ல ஷூன்னு மனசார நெனச்சுத்தான் சொன்னேன்."

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. பாருங்கள், இப்போதும் என்ன நடிப்பு என்றார்கள். தன்னடக்கத்துக்காக இன்னொரு மாலை விழுந்தது. ஒரே ஒருத்தர் மட்டும் நான் சொன்னதை நம்பினார். மாசானம் ஐயா என் முகத்தை நன்றாகப் பார்த்தார், மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்போ உமக்கு ஷூவைப் பத்தி ஒண்ணுமே தெரியாது" என்றார்.

அன்று பிழைத்த உயிரை வைத்துக்கொண்டு இன்றுவரை நான் பட்டுக்கொண்டிருக்கிற ஒரே வேதனை அந்த வாக்கியம்தான்.

நீதி: எதிரியை வீழ்த்தத் தந்திரம் எதுவும் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அவருக்கு முழுமனதோடு சொல்லிக் கொடுத்தாலே போதும்.